44 நாட்களின் கதையும் அதைப் பார்த்தவர்களின் வழக்கும்

2009ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பிரிட்டனில் வெளியான ‘தி டேம்ட் யுனைடெட்’ திரைப்படம், ஆங்கிலக் கால்பந்தில் இன்றளவும் வாதத்துக்குரியவராக விளங்கும் பிரையன் கிளஃப், 1974ஆம் ஆண்டில் லீட்ஸ் யுனைடெட் கழகத்தின் மேலாளராகப் பொறுப்பேற்று 44 நாட்களிலேயே பதவி இழந்த கதையைச் சொல்கிறது. டாம் ஹூப்பர் இயக்கிய இப்படத்தைக் கால்பந்தில் ஈடுபாடு இல்லாதவர்கள்கூட மனமுவந்து பாராட்டினார்கள்; கிளஃபின் குடும்பத்தாரோ அதிலிருந்து விலகி நின்றார்கள்; அவருக்குக் கீழ் ஆடிய ஒருவர் நீதிமன்றத்துக்கே சென்றார். ஒரே படம் இத்தனை மாறுபட்ட கருத்துகளை எழுப்பியதை ரசனை வேறுபாடு என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிட முடியாது. பார்ப்பவருக்கு அந்த வரலாறு எவ்வளவு நெருக்கமானது என்பதே அவருடைய கருத்தைப் பெரும்பாலும் முடிவு செய்தது.

அன்றைய இங்கிலாந்தின் கால்பந்துக் கழகத்தில் மேலாளர் என்பவர் வெறும் பயிற்சியாளர் அல்லர். களமிறங்கும் பதினொருவரைத் தேர்வதும், பிற கழகங்களிலிருந்து வீரர்களை விலைக்கு வாங்குவதும் விற்பதும் அவர் கையில் இருந்தன. பணம் மட்டும் கழகத் தலைவரிடமும் இயக்குநர் குழுவிடமும் இருந்ததால், பிடிவாதமான மேலாளருக்கும் தலைவருக்கும் மோதல் மூள்வது அரிதன்று. கிளஃப் அத்தகைய பிடிவாதக்காரர். மிடில்ஸ்பரோவில் பிறந்து, 274 லீக் ஆட்டங்களில் 251 கோல்கள் அடித்த அவருடைய ஆட்ட வாழ்வை 1962ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட முழங்கால் காயம் ஏறக்குறைய முடித்துவைத்தது. 1965இல், முப்பதாவது வயதில் ஹார்ட்டில்பூல்ஸ் என்னும் சிறு கழகத்தின் மேலாளரான அவர், தம் நண்பரும் முன்னாள் கோல்காப்பாளருமான பீட்டர் டெய்லரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். திறமையுள்ள ஆட்டக்காரரை இனங்காணும் கண் டெய்லருக்கும், அவரிடமிருந்து ஆட்டத்தை வாங்கும் ஆளுமை கிளஃபுக்கும் இருந்தன. இரண்டாம் பிரிவில் கிடந்த டெர்பி கவுண்டியை இருவரும் 1969இல் முதற்பிரிவுக்கு உயர்த்தி, 1972இல் நாட்டின் முதன்மை அணியாகவே ஆக்கினார்கள். அடுத்த ஆண்டே தலைவர் சாம் லாங்சனோடு ஏற்பட்ட பூசலில் பதவி விலகினார்கள்.

லீட்ஸ் அணியை 1961 முதல் வளர்த்து, 1969இலும் 1974இலும் லீக் பட்டம் வெல்லச் செய்த டான் ரெவி, இங்கிலாந்து தேசிய அணியின் பொறுப்புக்குச் சென்றபோது அவருடைய நாற்காலிக்கு அழைக்கப்பட்டவர், அந்த அணி முறைகேடாகவும் முரட்டுத்தனமாகவும் ஆடுகிறது என்று தொலைக்காட்சியிலும் நாளிதழ்களிலும் ஓயாமல் சாடிவந்த கிளஃப். டெய்லர் உடன் வர மறுத்து, டெர்பிக்குப் பின் இருவரும் சென்றிருந்த பிரைட்டன் கழகத்திலேயே தங்கிவிட்டார். வென்ற பதக்கங்களையெல்லாம் குப்பைத் தொட்டியில் எறியுங்கள், அவை நேர்வழியில் வந்தவை அல்ல என்ற பொருளில் கிளஃப் லீட்ஸ் வீரர்களிடம் பேசியதாகச் சொல்லப்படுவது படத்தின் மறக்கமுடியாத காட்சிகளுள் ஒன்று. ஆறு லீக் ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே அணி வென்ற நிலையில், செப்டம்பர் 12 அன்று அவர் நீக்கப்பட்டார்.

கிளஃபாக நடித்த மைக்கேல் ஷீனைப் பற்றிப் பெரிய கருத்து வேறுபாடு எழவில்லை. நீக்கப்பட்ட அன்றே யார்க்‌ஷயர் தொலைக்காட்சியில் கிளஃபும் ரெவியும் நேருக்கு நேர் வாதிட்டதன் பதிவு இன்றும் காணக்கிடைப்பதால், படத்தில் அது மீண்டும் நடிக்கப்பட்ட காட்சியை எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஷீன் குரலை மட்டும் நகல் செய்யவில்லை. தோல்வியிலும் தலை குனியாமல், அதே சமயம் உள்ளே நொறுங்கிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரை உருவாக்கியிருக்கிறார். செஸ்டர்ஃபீல்டின் பழைய சால்டர்கேட் மைதானம் டெர்பியின் களமாகக் காட்டப்பட்ட சேறு படிந்த காட்சிகள், அக்காலத்தை அறிந்தவர்களுக்கு நிறைவளிக்கக் கூடியவை.

சிக்கல் மூலநூலிலிருந்து தொடங்குகிறது. டேவிட் பீஸ் 2006இல் வெளியிட்ட நாவல், கிளஃபின் மனக்குரலாகவே எழுதப்பட்டு, அவரைக் குடியும் வெறுப்பும் அச்சமும் அலைக்கழிக்கும் மனிதராகக் காட்டியது; இது தாங்கள் அறிந்த மனிதர் அல்லர் என்று குடும்பத்தார் வருந்தினார்கள். திரைக்கதை எழுதிய பீட்டர் மோர்கன் அந்த இருளைப் பெரிதும் குறைத்து, கிளஃப்-டெய்லர் நட்பைக் கதையின் நடுவில் வைத்தார். நாவலில் தம்மைச் சித்திரித்த விதத்தை எதிர்த்து லீட்ஸ் வீரர் ஜானி கைல்ஸ் வழக்குத் தொடுக்க, பதிப்பகம் சமரசத்துக்கு வந்தது. டெர்பியின் தூணாக இருந்த டேவ் மெக்கே 1971இலேயே அக்கழகத்தை விட்டுச் சென்றிருந்தும், பிந்தைய நிகழ்ச்சிகளிலும் அவர் அங்கேயே இருந்ததாகப் படம் காட்டியது. அவரும் சட்டத்தை நாடித் தயாரிப்பாளர்களின் மன்னிப்பைப் பெற்றார்.

இங்கே ஒரு சட்ட நுட்பத்தைக் கருத வேண்டும். இங்கிலாந்துச் சட்டப்படி அவதூறு வழக்கை உயிரோடிருப்பவரே தொடுக்க முடியும். இறந்தவரின் பெயருக்காக அவர் குடும்பம் தொடுக்க முடியாது. கிளஃப் 2004இலும், ரெவி 1989இலும், அணித்தலைவர் பில்லி பிரெம்னர் 1997இலும் மறைந்துவிட்டார்கள். ஆகவே அப்போது உயிரோடிருந்த மெக்கேயால் திருத்தம் பெற முடிந்தது. மற்றவர்கள் திரையில் காட்டப்பட்டபடியே நிலைத்துவிட்டார்கள். கிளஃபுக்கு இதனால் பெரிய தீங்கில்லை, ஏனெனில் படம் அவரை நேசிக்கிறது. நட்டம் முழுவதும் ரெவியின் கணக்கிலேயே விழுகிறது. ரெவி தம்மைப் பொருட்படுத்தாமல் கடந்துபோன ஒரு கணத்திலிருந்து கிளஃபின் பகை முழுவதும் முளைத்ததாகப் படம் அமைத்துக்கொள்வதால், ஓர் அணியைத் தாழ்ந்த நிலையிலிருந்து பதின்மூன்று ஆண்டுகள் எழுப்பிய மனிதர், மற்றொருவரின் காயத்துக்குக் காரணமானவராகச் சுருங்கிவிடுகிறார். லீட்ஸ் ஆதரவாளரின் மனத்தாங்கலில் நியாயம் உண்டு. கிளஃபால் இணங்கவைக்க முடியாத அதே வீரர்கள், அடுத்து வந்த ஜிம்மி ஆர்ம்ஃபீல்டின் கீழ் 1975இல் ஐரோப்பியக் கோப்பையின், அதாவது இன்றைய சாம்பியன்ஸ் லீகின் முன்னோடிப் போட்டியின், இறுதியாட்டம் வரை சென்றார்கள் என்பதை அறியாமல் அந்த அணியை எடைபோட முடியாது.

படத்தின் முடிவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பதவி இழந்த கையோடு கிளஃப் பிரைட்டனுக்கு ஓடி, டெய்லரிடம் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டு மீண்டும் சேர்வதாகக் காட்டப்படும் காட்சி, வரலாறு அறியாத பார்வையாளரை நெகிழவைப்பது இயல்பே. உண்மையில் கிளஃப் 1975 ஜனவரியில் தனியாகவே நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்குச் சென்றார். டெய்லர் வந்து சேர்ந்தது 1976இல். அங்கே இருவரும் 1978இல் லீக் பட்டத்தையும், 1979, 1980 ஆகிய இரு ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையையும் வென்றது எந்தக் கற்பனையையும் விஞ்சும் சாதனை. ஆனால் 1983இல், அப்போது டெர்பியை நிர்வகித்த டெய்லர், ஜான் ராபர்ட்சன் என்ற ஃபாரஸ்ட் வீரரைக் கிளஃபிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் வாங்கிக்கொண்டபோது இருவரின் நட்பு அறுந்தது. 1990இல் டெய்லர் இறக்கும்வரை அது மீண்டும் தளிர்க்கவில்லை. காலத்தை முன்னும் பின்னும் நகர்த்துவதைத் திரைக்கலையின் தேவையாக ஏற்றுக்கொள்ளலாம். நட்பையே பொருளாகக் கொண்ட படம் அந்த நட்பு முறிந்ததை மறைத்ததை அவ்வாறு ஏற்பது கடினம். நாட்டிங்ஹாம், டெர்பி ஊர்களின் மூத்த ரசிகர்களுக்கு அந்த முறிவும் வெற்றிகளைப் போலவே நினைவில் நிற்கும் செய்தி.