இரு சக்கர வாகனத்தில் லேப்டாப் கொண்டு செல்வோர் கவனத்திற்கு

நம் முன்னோர்கள் பேரேட்டைப் போற்றி வைத்திருந்தார்கள். புதுக்கணக்கு நாளில் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்துத் தொடங்கிய ஏடு அது. வெளியே எடுத்துச் செல்ல நேர்ந்தால் துணியில் சுற்றி, அக்குளில் இடுக்கிக் கொண்டு போவார்கள். மழையில் நனைந்துவிட்டாலும் பாதகமில்லை. வெயிலில் உலர்த்தி, ஏடு ஏடாகப் பிரித்துப் படித்துக் கொள்ளலாம்.

இன்று நம்மில் பலருக்கு அந்தப் பேரேடு லேப்டாப்புக்குள் போய்விட்டது. கொள்முதல், விற்பனை, ஸ்டாக், யார் எவ்வளவு பாக்கி என்ற விவரம் அனைத்தும் அதில்தான் இருக்கின்றன. நனைந்தால் இதை உலர்த்திப் படிக்க இயலாது. ஆனால் பேரேட்டுக்குக் கொடுத்த மரியாதையில் பாதியைக்கூட நாம் இதற்குக் கொடுப்பதில்லை. ரவை மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில் சொருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பி விடுகிறோம்.

2017-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்த பின் லேப்டாப்பின் பயணம் அதிகமாகிவிட்டது. மாதந்தோறும் தாக்கல் செய்வோர் விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள்ளும், வரிக் கணக்கை 20-ஆம் தேதிக்குள்ளும் கொடுக்க வேண்டும். இதற்காகக் கடைக்கும் வீட்டுக்கும் ஆடிட்டர் அலுவலகத்துக்கும் லேப்டாப் போய் வருகிறது. தென்காசி, மேலகரம், குற்றாலம், இலஞ்சி, செங்கோட்டை, பாவூர்சத்திரம் என்று நம் வட்டாரத்தில் பெரும்பாலும் இந்தப் போக்குவரத்து இரு சக்கர வாகனத்தில்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை சீசன் காலம். சாரல் எப்போது விழும், எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே இதைப் பற்றிச் சற்று விவரமாகத் தெரிந்து கொள்வது நலம்.

இழப்பது எது?

லேப்டாப் உடைந்தால் பணம் செலவழித்து வேறொன்று வாங்கிவிடலாம். அதில் இருந்த பாக்கிப் பட்டியலை எந்தக் கடையில் வாங்குவது? கடன் வாங்கியவரிடமே போய், ‘தாங்கள் எவ்வளவு தர வேண்டும்?’ என்று கேட்கும் நிலை எந்த வியாபாரிக்கும் வரக்கூடாது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆவது பிரிவுப்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை அந்த ஆண்டுக்குரிய ஆண்டு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாத்து வைக்க வேண்டும். அதாவது 6 ஆண்டுகள். இடையில் எந்திரம் கெட்டாலும் கணக்கைக் காட்டும் பொறுப்பு நம்முடையதே.

குலுங்கினால் என்ன ஆகும்?

லேப்டாப்பில் தகவலைச் சேமித்து வைக்கும் பாகம் இரண்டு வகைப்படும். பழைய எந்திரங்களில் பெரும்பாலும் இருப்பது ஹார்ட் டிஸ்க். அதற்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 தடவை என்ற கணக்கில் சுழன்று கொண்டிருக்கும். தகவலைப் படிக்கும் முனை அந்தத் தட்டைத் தொடாமல், தலைமுடியின் பருமனில் மிகச் சிறு பகுதியளவே உள்ள இடைவெளியில் மிதந்து கொண்டிருக்கும். சுழலும் நேரத்தில் வண்டி பள்ளத்தில் விழுந்தால் முனை தட்டில் உரசிவிடலாம். உரசிய இடத்தில் இருந்த கணக்கு போனது போனதுதான். எந்திரத்தை முறையாக அணைத்துவிட்டால் முனை தட்டை விட்டு விலகித் தனக்குரிய இடத்தில் ஒதுங்கிக்கொள்ளும். அந்த நிலையில் அது பல மடங்கு அதிர்ச்சியைத் தாங்கும். இதை உணர்ந்துதான் ஐ.பி.எம். நிறுவனம் 2003-இல், கீழே விழப்போவதை உணர்ந்து முனையை ஒதுக்கிவிடும் ஏற்பாட்டைத் தன் திங்க்பேட் லேப்டாப்புகளில் கொண்டு வந்தது.

புதிய எந்திரங்களில் இருப்பது எஸ்.எஸ்.டி. இதில் சுழலும் பாகம் எதுவும் கிடையாது. எனவே குலுங்கலுக்கு அஞ்சுவதில்லை. ஆனால் திரைக் கண்ணாடி, கீல், சார்ஜர் சொருகும் துளை ஆகியவை எஸ்.எஸ்.டி. லேப்டாப்பிலும் அதே மென்மையானவைதான். தம்முடையது எந்த வகை என்று அறியாதவர்கள் விண்டோஸ் 10 அல்லது 11-இல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபாமன்ஸ் பகுதியில் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூடுவது வேறு, அணைப்பது வேறு

பலரும் செய்யும் தவறு இது. மூடியை மூடினால் லேப்டாப் அணைந்துவிட்டதாக எண்ணுகிறோம். அது உறங்குகிறது, அவ்வளவே. வழியில் குலுங்கும்போது தானே விழித்துக்கொள்வதும் உண்டு. காற்றுப் புகாத பைக்குள் அப்படி ஓடினால் சூடேறி, பேட்டரியும் தீர்ந்து போகும். ஆகவே ஷட் டவுன் கொடுத்து, விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகே பையில் வைக்க வேண்டும். பென் டிரைவ், மவுஸின் சிறு துண்டு, சார்ஜர் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். சொருகியபடியே வைத்தால் ஓர் இடி போதும், துளையே பெயர்ந்துவிடும்.

வண்டியில் எங்கே வைப்பது?

பேருந்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தால் தூக்கித் தூக்கிப் போடும் அல்லவா? பின் சக்கரத்துக்கு அப்பால் இருப்பதே அதற்குக் காரணம். மோட்டார் சைக்கிளின் பின் கேரியருக்கும் இதே கதிதான். வண்டியிலேயே அதிகம் குலுங்கும் இடங்களில் அதுவும் ஒன்று. சரக்குக் கட்டுவதற்கு அது ஏற்றதாக இருக்கலாம், லேப்டாப்புக்கு ஏற்றதல்ல.

குலுங்கலைத் தாங்க நம்மிடம் உள்ள நல்ல ஸ்பிரிங் நம் உடம்புதான். ஸீட்டின் ஸ்பான்ஞ்சும் நம் இடுப்பும் முதுகும் சேர்ந்து அதிர்ச்சியில் ஒரு பகுதியை உறிஞ்சிவிடுகின்றன. எனவே இரண்டு தோளிலும் மாட்டும் பையில், முதுகோடு ஒட்டினாற்போல் வைத்து எடுத்துச் செல்வதே சிறந்தது. பட்டையை இறுக்கிக்கொள்ள வேண்டும். பை தொங்கி ஸீட்டில் இடிக்கக் கூடாது. மார்புக்குக் குறுக்கே மாட்டும் பட்டை இருந்தால் அதையும் மாட்டிக்கொள்ளலாம். லேப்டாப்பைத் தனிப் பகுதியில் வைத்து, சார்ஜரை வேறு பகுதியில் வைக்க வேண்டும். இரண்டும் உரசினால் முதலில் உடைவது திரைதான். பூட்டு, எடைக்கல், ஸ்பானர் போன்ற கனத்த இரும்புப் பொருள்களை அந்தப் பையில் போடவே கூடாது. வண்டி சரிந்து மல்லாந்து விழுந்தால் அவை லேப்டாப்பை மட்டுமல்ல, நம் முதுகெலும்பையும் பதம் பார்த்துவிடும்.

மொபெட்டின் முன்கொக்கியில் பையை மாட்டித் தொங்கவிடும் பழக்கம் நம்மிடம் அதிகம். அது ஊஞ்சல்போல் ஆடி, ஒவ்வொரு வேகத்தடையிலும் இரும்பில் இடிக்கும். ஹேண்டிலைத் திருப்பும்போதும் இடைஞ்சல். ஒற்றைத் தோளில் மாட்டும் பை வளைவில் பக்கவாட்டில் சரிந்து நம்மையே இழுக்கும். புளியரை மலைப்பாதை போன்ற வளைவுகளில் இது ஆபத்து. எந்தப் பையானாலும் தொங்கும் பட்டையைச் சுருட்டிச் சொருகிவிட வேண்டும். பட்டை சக்கரத்தில் சிக்கினால் கணக்கோடு ஆளும் போக வேண்டியதுதான்.

முதுகுவலி உள்ளவர்கள் கேரியரில்தான் கட்ட வேண்டும் என்றால், உறுதியான பெட்டிக்குள் ஆறு பக்கமும் கெட்டி ஸ்பான்ஞ்சு வைத்து, லேப்டாப்பைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். பலகையைப் படுக்கப் போட்டு மிதித்தால் வளையும். விளிம்பில் நிறுத்தினால் வளையாது. அதே கணக்குத்தான் இங்கும். அதன் மேல் சரக்கு ஏற்றக் கூடாது.

ஸ்கூட்டரின் ஸீட்டுக்கு அடியில் உள்ள டிக்கி பத்திரமானது என்று நினைக்கிறோம். எஞ்சின் சூடு அங்கே ஏறும். வெயிலில் நிறுத்திய வண்டியில் சூடு இன்னும் அதிகம். லேப்டாப் பேட்டரிக்குச் சூடுதான் பெரிய பகை. பேட்டரி உப்பியிருப்பதாகத் தெரிந்தால் அந்த எந்திரத்தை வண்டியில் கொண்டு செல்லாமல் உடனே பேட்டரியை மாற்ற வேண்டும்.

சாரல் காலத்தில்

பெருமழையைக் கண்டால் நாம் ஒதுங்கி நிற்கிறோம். சாரலை யாரும் பொருட்படுத்துவதில்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் 5 கிலோமீட்டர்தானே என்று போய்விடுகிறோம். அந்தப் பொடித்தூறல்தான் ஜிப் வழியாக ஓசையின்றி உள்ளே இறங்கும். பைத் துணி நீர் புகாததாக இருக்கலாம், ஜிப் அப்படியல்ல. முன்னே போகும் லாரியின் சக்கரம் வாரியடிக்கும் சேற்று நீர் கீழிருந்தும் வரும்.

இதற்கு மளிகைக் கடையிலேயே மருந்து இருக்கிறது. பால் பவுடர் மூட்டைக்குள் வரும் கெட்டியான பாலித்தீன் உறையைக் கழுவி நன்றாக உலர்த்தி, லேப்டாப்பை அதில் இட்டு, வாயை இரண்டு மடிப்பாக மடித்துப் பைக்குள் வைத்தால் போதும். பைக்கு மேல் மழை உறையும் போட்டால் இரட்டைக் காப்பு. ஆனால் ஓடிச் சூடாக இருக்கும் லேப்டாப்பை உடனே உறையில் இடக்கூடாது. சூடு ஆறிய பின்பே இட வேண்டும்.

ஏ.சி. அறையில் நெடுநேரம் குளிர்ந்த எந்திரத்தை வெளிக்காற்றில் சட்டென்று திறந்தால், குளிர்ந்த சோடா பாட்டில் வியர்ப்பதுபோல் உள்ளேயும் வெளியேயும் ஈரம் படியும். அரை மணி நேரம் பையிலேயே வைத்திருந்து பிறகு திறப்பது நல்லது. அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டை அதே பையில் திணிப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குற்றாலத்துக் குரங்குகளையும் மறந்துவிடக் கூடாது. பையில் தின்பண்டம் இருக்கும் என்று எண்ணிப் பறிப்பவை அவை.

நனைந்துவிட்டால், ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று ஆன் செய்வதுதான் பெரும் தவறு. நீரைவிட நீரோடு சேர்ந்த மின்சாரமே பாகங்களைக் கெடுக்கும். சார்ஜர் சொருகக் கூடாது. திறந்து கூடாரம்போல் கவிழ்த்து வைத்து நீரை வடியவிட்டு, பழுது பார்ப்பவரிடம் கொடுக்க வேண்டும். அரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்தால் ஈரம் போய்விடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அரிசி விற்கும் நாமே அதை நம்பக் கூடாது. அரிசித் தூசு துளைகளில் புகுந்து அடைத்துக்கொள்ளும். செல்போனை அரிசியில் வைக்க வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் வாடிக்கையாளர்களுக்கு அறிவுறுத்தியுள்ளது.

செல்போனுக்கும் இது பொருந்தும்

அதே நிறுவனம் 2021 செப்டம்பரில் இன்னோர் எச்சரிக்கையும் வெளியிட்டது. சக்தி மிகுந்த மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஹேண்டில் வழியாக ஏறி, ஐபோனின் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்பதே அது. ஹேண்டிலில் செல்போனைப் பொருத்தி ஓட்டுவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். யு.பி.ஐ. பணம் வரும் போன், சட்டைப் பையிலோ தோள் பையிலோ இருப்பதே மேல்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

லேப்டாப் பை பளபளப்பாக இருந்தால், பார்ப்பவருக்கு அது பணப்பையாகவும் தோன்றும். ‘உங்கள் பணம் கீழே விழுந்து கிடக்கிறது’ என்று சொல்லிக் கவனத்தைத் திருப்பிப் பையை எடுத்துச் செல்லும் பழைய தந்திரம் இன்னும் சாகவில்லை. வண்டியை விட்டு இறங்கினால் பையும் நம்மோடு இறங்க வேண்டும், டீ குடிக்கும் ஐந்து நிமிடமானாலும் சரி. லேப்டாப்பை உறையிட்டுச் சாதாரண மஞ்சள் பைக்குள் வைத்து, அதைத் தோள் பையில் போடுபவர்கள் புத்திசாலிகள்.

இவ்வளவு காத்தும் ஒரு நாள் விபத்து வரத்தான் செய்யும் என்று எண்ணி, கணக்கின் நகலை எடுத்து வைக்க வேண்டும். மூன்று பிரதிகள் இருப்பது நல்லது. ஒன்று லேப்டாப்பில், ஒன்று வீட்டில் உள்ள பென் டிரைவில் அல்லது வெளி டிஸ்கில், ஒன்று இணையச் சேமிப்பில். நகல் எடுத்த பென் டிரைவை லேப்டாப் பையிலேயே வைத்திருப்பவர்கள் நம்மில் பலர். பை போனால் இரண்டும் சேர்ந்தே போகும். பூட்டையும் சாவியையும் ஒரே கயிற்றில் கட்டித் தொங்கவிடுவதற்குச் சமம் அது.

கடைக் காப்பீடு எடுத்தவர்கள், கடைக்கு வெளியே கொண்டு செல்லும் லேப்டாப்புக்கு அது பொருந்துமா என்று முகவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்திரத்தின் வரிசை எண்ணையும் வாங்கிய பில்லையும் தனியே பத்திரப்படுத்த வேண்டும்.

புறப்படும் முன் பார்க்க வேண்டியவை

1. இன்றைய கணக்குக்கு நகல் எடுத்தாகிவிட்டதா? நகல் வேறு இடத்தில் இருக்கிறதா?
2. ஷட் டவுன் செய்து, சொருகியவற்றைக் கழற்றியாகிவிட்டதா?
3. சூடு ஆறியதா? பாலித்தீன் உறை இட்டாகிவிட்டதா?
4. சார்ஜர் தனிப் பகுதியில் இருக்கிறதா? கனத்த பொருள் ஏதும் இல்லையே?
5. பை முதுகோடு ஒட்டி இருக்கிறதா? தொங்கும் பட்டை சுருட்டப்பட்டதா?
6. தலையில் ஹெல்மெட் இருக்கிறதா?

ஆறாவதைக் கடைசியில் எழுதியிருந்தாலும் முதலாவது அதுதான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு, ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்பவருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கணக்குக்கு மூன்று நகல் எடுக்கலாம். கணக்கு எழுதுகிறவருக்கு நகல் கிடையாது. 20-ஆம் தேதி நெருங்குகிறதே என்று சாரலில் வேகமாக ஓட்டாமல், ஒரு நாள் முன்னதாகவே புறப்படுவது எல்லாவற்றிலும் நல்ல பாதுகாப்பு.