வண்டி மையும் வழுக்கும் மூலக்கூறுகளும்

புதுக்கோட்டைச் சீமையின் செம்மண் பாதைகளில் ஒரு காலத்தில் மாட்டு வண்டிகளே மிகுதியாக ஓடின. ஆலங்குடிப் பக்கத்து உழவர் நிலக்கடலை மூட்டைகளை ஏற்றுமுன், கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தைச் சிறிது வெளியே இழுத்து, இருசில் வண்டி மை தடவுவர். வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் அந்த மை கிடைக்கும். மை இடாத வண்டி கிறீச்சிடும், இருசு தேயும், மாடுகள் நுரை தள்ளும். வாயற்ற உயிர்களின் துன்பத்தைச் சிறிதளவு மை குறைத்தது.

இதன் காரணம் யாது? இரும்பு கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினும், நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகவே காணப்படும். இரும்பும் இரும்பும் உரசும்போது அம்மேடுகள் ஒன்றையொன்று பற்றும். இதனாலேயே உராய்வு மிகுகிறது. எண்ணெயிலுள்ள கொழுப்பு அமில மூலக்கூறு நீண்ட சங்கிலி போன்றது. அதன் ஒரு முனை உலோகத்தைப் பற்றிக்கொள்ளும்; வளைந்து கொடுக்கும் மற்றப் பகுதி வெளிப்புறம் நோக்கி நிற்கும். நாற்றங்காலில் நெருங்கி நிற்கும் நாற்றுப் போல இவை நின்று, இரும்பை இரும்பு தொடாதவாறு காக்கின்றன. சங்கிலி நீள நீள உராய்வு குறையும் என்பதை இங்கிலாந்து அறிஞர் வில்லியம் ஹார்டி 1922-ஆம் ஆண்டளவில் ஆய்ந்து காட்டினார்.

2016-இல் சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசெல் பல்கலைக்கழக அறிஞர் மேலும் ஒரு படி சென்றனர். ஓர் அணுக் கனமே உள்ள கரிம நாடாவைத் தங்கத்தின்மேல் வைத்து, நுண்ணிய ஊசி முனையால் இழுத்தனர். அது ஏறக்குறைய உராய்வே இன்றி நகர்ந்தது. ஒரே இடைவெளியுள்ள பற்களைக் கொண்ட இரு சீப்புகளை ஒன்றன்மேல் ஒன்று அழுத்தினால், அவை கோத்துக்கொள்ளும். இடைவெளி வேறுபட்டால் கோத்துக்கொள்ளா. நாடாவின் அணு வரிசையும் தங்கத்தின் அணு வரிசையும் அவ்வாறே பொருந்தாதிருந்தன. அதனால் நாடா எளிதில் வழுக்கிச் சென்றது.

உலகில் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உராய்வை வெல்வதிலேயே கழிகிறது என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆகவே இத்தகைய ஆராய்ச்சி வெறும் விளையாட்டன்று.

எனினும் உராய்வு முற்றிலும் தீயதும் அன்று. மாட்டின் குளம்பு மண்ணில் ஊன்றுவதும் உராய்வாலேயே. அதனாலன்றோ உழவர் இருசுக்கு மை இட்டனர், பாதைக்கு இடவில்லை! வேண்டாத இடத்தில் உராய்வை நீக்கி, வேண்டிய இடத்தில் காப்பதே அறிவுடைமை.