உங்களுக்குத் தெரியுமா? ஆட்டுக் கணையமும் ஒரு சிறுவனும்

சுவாமிமலையின் 60 படிகளில் ஓடியேறும் சர்க்கரை நோய்க் குழந்தையின் பையில் அம்மா ஒரு குளுக்கோஸ் பொட்டலம் வைத்து அனுப்புவார்; காலையிலேயே இன்சுலின் ஊசி போட்டாயிற்று.

அந்த ஊசி இல்லாத காலம். 1893 டிசம்பர் 20, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம். நோய் முற்றிய 15 வயதுப் பையனின் தோலுக்கடியில், அப்போதுதான் அறுத்த ஆட்டின் கணையத் துண்டுகளை வைத்துத் தைத்தார்கள். மருத்துவர் வாட்சன் வில்லியம்ஸின் முயற்சி அது. கணையத்தை அகற்றினால் நாய்க்குச் சர்க்கரை நோய் வருகிறது என்று தெரிந்தே நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வேற்று உயிரின் திசுவை உடல் ஏற்காது என்பது அன்று தெளிவாகவில்லை. மூன்றே நாளில் பையன் இறந்தான். பாவம், அவனுக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

உறுப்பை விட்டு அதன் சாற்றைப் பிரித்தெடுத்தபோதுதான் விடிந்தது: 1922 ஜனவரியில், டொராண்டோவில், 14 வயது லியோனார்ட் தாம்சனுக்கு மாட்டுக் கணையச் சாறு ஊசியாக ஏறியது.