நந்தியில் ஏறிய இரண்டு மேனன்கள்

பிளேஸ்மென்ட் லிஸ்ட்ல கேள்விப்படாத கம்பெனி பேர் வந்தா நம்ம பசங்க பாதிப் பேர் அப்ளையே பண்றதில்லை. அதே கம்பெனிக்கு ஒரு மத்திய அமைச்சர் வந்து போட்டோ எடுத்துக்கிட்டா, மறுநாளே அது 'நல்ல கம்பெனி' ஆயிடும். அந்த விசிட்டால உள்ளே வேலை பார்க்கிறவனுக்கு நிஜமா என்ன கிடைக்கும்? எங்க தொண்டி இருக்கிற இதே ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர் ஒருத்தர் கதையைப் பாருங்க.

1958-ல் குரோம்பேட்டை எம்.ஐ.டி. முடித்து அரசு வேலையில் சேர்ந்த அப்துல் கலாம், அடுத்து போனது பெங்களூரில் புதுசா தொடங்கிய ஏ.டி.இ. என்ற பாதுகாப்பு ஆய்வுக்கூடம். தனியார் கம்பெனி இல்லைதான். ஆனா அன்னைக்கு வெளியே பெருசா யாருக்கும் தெரியாத இடம். அங்கே நாலு பேர் டீமுக்குக் கொடுத்த வேலை, உள்நாட்டிலேயே ஒரு ஹோவர்கிராஃப்ட் செய்வது. பேர் 'நந்தி', சிவனோட வாகனம்.

ஹோவர்கிராஃப்ட் தத்துவம் ரொம்ப எளிமை. ஃபேன் காற்றை அடியில் தள்ளும், அந்தக் காற்று மெத்தை வண்டியைத் தூக்கும். நந்தியோட மொத்த எடை, ஆளையும் சேர்த்து, 550 கிலோ. கணக்குக்காக அடிப்பரப்பு 5 சதுர மீட்டர்னு வெச்சுக்கோங்க. தேவைப்படும் கூடுதல் அழுத்தம் சுமார் 1.1 கிலோபாஸ்கல், வளிமண்டல அழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு! கஷ்டம் தூக்குறதுல இல்லை. கசியும் காற்றை ஈடுகட்டிக்கிட்டே, சாயாம ஓட்டுறதுலதான்.

முதல் விருந்தாளி பாதுகாப்பு அமைச்சர் வி.கே.கிருஷ்ண மேனன். பக்கத்தில் இருந்த அதிகாரி தடுத்தும் கேட்காம ஏறி உட்கார்ந்தார், ஓட்டியது கலாமே. இதை விடப் பெரிய விளம்பரம் வேணுமா? ஆனா 1962 சீனப் போர் நடக்கும்போதே மேனன் பதவி விலகினார், திட்டமும் ஓரங்கட்டப்பட்டது. ஒரு பெரிய மனிதரோட ஆதரவில் நிற்கிற புராஜெக்ட், அவர் போனதும் தனியா நிற்கணும். நந்தியால முடியலை.

அப்புறம் ஒரு நாள் இயக்குநர் மெதிரத்தா கலாமைக் கூப்பிட்டு, ஒருத்தர் பார்க்க வர்றார், வண்டி ஓடுமான்னு கேட்டார். ஓடுச்சு. இதைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன்: கைவிட்ட புராஜெக்டையும் ஓடுற நிலையில வெச்சிருந்தாங்க. வந்தவர் உயரமான, தாடி வெச்ச மனிதர். கேள்வி மேல கேள்வி கேட்டார், பத்து நிமிஷம் சவாரி போனார், கிளம்பிட்டார். அவர்தான் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் எம்.ஜி.கே.மேனன். ஒரு வாரத்தில் இன்கோஸ்பார் அமைப்பிடமிருந்து ராக்கெட் என்ஜினியர் வேலைக்கு இன்டர்வியூ அழைப்பு. எதிரே விக்ரம் சாராபாயும் அதே மேனனும்! 1963 நவம்பர் 21, தும்பாவில் முதல் ராக்கெட் கிளம்பினப்போ அதன் ஒருங்கிணைப்பும் பாதுகாப்பும் கலாம் பொறுப்பு.

ஆக இரண்டாவது விசிட்டும் நந்தியைக் காப்பாத்தலை, அதைச் செஞ்ச ஆளைத்தான் வெளியே கொண்டுபோச்சு. இன்னைக்கு மண்டபத்தில் கடலோரக் காவல் படையோட ஹோவர்கிராஃப்ட்களை நீங்க பார்க்கலாம். ஆழமில்லாத பாக் நீரிணைக்கு அதுதான் தோது. டிசைன், பிரிட்டனின் கிரிஃபன் நிறுவனத்துடையது. 2024 அக்டோபரில் இன்னும் ஆறு வண்டி கட்ட சௌகுலே நிறுவனத்தோட ஒப்பந்தம் போட்டாங்க. அதுவும் கிரிஃபன் டிசைன்தான்.