அளந்து உண்போம், அஞ்சி உண்ணோம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளையில் பங்கு இல்லத்தின் திண்ணையில் அமர்ந்திருந்த நம்மிடம் ஒரு தாய் வந்தார். "சாமி, பெரிய பாவம் செய்துவிட்டேன்" என்று கண் கலங்கினார். பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தவரல்லர். மனம் நொந்து பேச வந்தவர். "என்னம்மா நடந்தது?" என்று வினவினோம். "அண்ணன் மகள் கல்யாணத்தில் பாயசமும் இரண்டு லட்டும் சாப்பிட்டுவிட்டேன், சாமி" என்றார். நமக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தைக் கண்டதும் அது அடங்கிற்று.

நாற்பத்தைந்து வயதான அவருக்கு நீரிழிவு தொடங்கியிருந்தது. எடை 70 கிலோ. எடையைக் குறைத்தே ஆக வேண்டுமென மருத்துவர் கூறிவிட்டார். அவரைப் பெற்ற தாயோ இதே நோயால் பார்வையிழந்து, பேரப்பிள்ளைகளின் முகங்களைக் கையால் தடவியே அறிந்தவர். அந்த அச்சத்தில் சோறு, இட்டிலி, இனிப்பு அனைத்தையும் ஒரே நாளில் துறந்து, காலையும் இரவும் இரண்டிரண்டு சப்பாத்தியோடு 19 நாள்களைக் கழித்திருக்கிறார். இருபதாம் நாள் திருமண விருந்து. ஒருமுறை விரதம் முறிந்ததும், "இனி என்ன இருக்கிறது" என்ற எண்ணம் எழுந்தது. அடுத்த ஒரு மாதம் அளவின்றி உண்டார். எடை 71 ஆயிற்று. அவர் இசைவு பெற்றே இதனை ஈண்டு எழுதுகிறோம். இது அவர் ஒருவரின் கதையன்று என்பதாலும் எழுதுகிறோம்.

குறை மனவுறுதியிலா, வழியிலா?

இத்தகையோரை "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று வீட்டார் எளிதாகப் பழித்துவிடுவர். 1991-ஆம் ஆண்டில் ஜெர்மானிய உளவியலறிஞர் வெஸ்டன்ஹோஃபர் உணவுக் கட்டுப்பாட்டை இரு வகையாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று இறுக்கமான கட்டுப்பாடு: இது ஆகும், அது ஆகவே ஆகாது என்று கோடு கிழிப்பது. மற்றொன்று நெகிழ்வான கட்டுப்பாடு: எதையும் விலக்காமல் அளவைக் காத்து, ஒரு வேளை மிகுந்தால் மறு வேளையில் ஈடு செய்வது. இறுக்கமாகக் கட்டுவோரிடம் கட்டு அறுந்ததும் அளவின்றி உண்ணும் போக்கு மிகுதியாகவும், நெகிழ்ந்து நடப்போரிடம் அது குறைவாகவும் காணப்பட்டது. நம் தாயின் இருபதாம் நாள் முன்னதற்குச் சான்றன்றோ!

இந்த நெகிழ்வான முறைக்கு ஒரு கணக்கு வடிவம் உண்டு. உண்ணும் உணவிலுள்ள மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்று பேரூட்டங்களையும் கிராம் கணக்கில் குறித்து, நாளொன்றுக்கு வகுத்த அளவுக்குள் நிற்பதே அது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அமெரிக்க உடற்பயிற்சியாளரிடையே பெயர்பெற்று, இன்று கைப்பேசிச் செயலிகளின் வழியே உலகெங்கும் பரவியுள்ளது.

கணக்கு பிறந்த கதை

பெயர் புதிதாயினும் கணக்கு பழையது. அமெரிக்க வேதியியலறிஞர் வில்பர் அட்வாட்டர் (1844–1907), 1890-களில் இயற்பியலறிஞர் எட்வர்டு ரோசாவுடன் சேர்ந்து ஒரு சிறிய மூடிய அறையை அமைத்தார். அதற்குள் மனிதர் நாள் கணக்கில் தங்கி உண்டு உறங்கி உழைக்க, அவருடலினின்று வெளிப்படும் வெப்பத்தை நுட்பமாக அளந்தனர். இவருடைய ஆய்வுகளின் பயனாய்க் கிடைத்த எளிய வாய்பாடே இன்றும் வழங்குகிறது: ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி, ஒரு கிராம் புரதம் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி.

நம் மண்ணுக்கும் இக்கணக்கில் பங்குண்டு. 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம், பின்னர் இந்திய உணவுப் பொருள்களைப் பகுத்தாய்ந்து அவற்றின் சத்து மதிப்புகளை அட்டவணைகளாக வெளியிட்டது. 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்த அந்நிலையமே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அது 2017-இல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுப் பொருள்களின் சத்துகள் அடங்கியுள்ளன.

கணக்கிடும் வகை

நம் தாய்க்கு உணவியல் வல்லுநர் ஒருவர் வகுத்தளித்த கணக்கையே சான்றாகக் கொள்வோம். உயரம் 155 செ.மீ., எடை 70 கிலோ, வயது 45, அளவான வீட்டு வேலை. அவர் உடல் நாளொன்றுக்குச் செலவிடுவது ஏறத்தாழ 1,800 கலோரி. அதில் 400 குறைத்து 1,400 என வரம்பிட்டார். எடைக்குக் கிலோ ஒன்றுக்கு ஒரு கிராம் வீதம் 70 கிராம் புரதம்: 280 கலோரி. கொழுப்பு 40 கிராம்: 360 கலோரி. எஞ்சிய 760 கலோரிக்கு மாவுச்சத்து 190 கிராம். ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரிக்குச் சமம். ஆகவே முதற் சில மாதங்களில் மாதத்திற்கு ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோ குறையலாம். உடல் இளைக்க இளைக்க அதன் தேவையும் குறைவதால் வேகம் தணியும். அதைக் கண்டு மனம் தளரலாகாது.

புரதத்திற்கு முதலிடம் தருவதேன்? அது பசியை நெடுநேரம் அடக்கும். எடை குறைகையில் தசை கரைவதையும் மட்டுப்படுத்தும். நம் தட்டிலோ சோறே மிகுதி. 400 கிராம் சோற்றில் சுமார் 520 கலோரி உண்டு. புரதமோ 11 கிராமே. சோற்றைப் பாதியாக்கி, அவித்த முட்டை ஒன்றும் குழம்பு மீன் 100 கிராமும் சேர்த்தால், எண்ணெயை நீக்கிப் பார்க்கையில் 170 கலோரி கூடும். 260 கலோரி குறையும். புரதமோ 30 கிராமைத் தாண்டும். மரக்கறி உண்போர்க்குப் பருப்பும் சுண்டலும் தயிரும் துணை நிற்கும்.

எடுப்பாகத் தோன்றாத எதிரி எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. தாளிப்பவர் கையளவில் ஊற்றினால் கணக்கு முழுவதும் பிழையாகும். குடும்பத்திற்கு ஒரே சட்டியில் சமைக்கும்போது, ஊற்றிய எண்ணெயை அளந்து, உண்போர் தொகையால் வகுத்துக்கொள்ளலாம்.

கணக்கேடு தொடங்கிய முதல் வாரத்திலேயே ஓர் உண்மை வெளிப்பட்டது. "நான் சாப்பிடுவதே இல்லை, சாமி" என்று சொல்லி வந்த அத்தாய், பிள்ளைகள் மீதம் வைத்த இட்டிலி, சட்டியில் எஞ்சிய சோறு, வீணாகுமே என்று அருந்திய பால் ஆகியவற்றையும் எழுதத் தொடங்கினார். அவை நாளுக்குச் சராசரியாக 300 கலோரியை எட்டின! வீட்டார் அனைவரும் உண்டபின் கடைசியாக நின்றுகொண்டே உண்ணும் நம் தாய்மாரின் வழக்கம் எத்துணை கலோரிகளை மறைத்து வைத்திருக்கிறது! அவ்வில்லத்தில் அன்று முதல் தாய்க்கும் ஒரு தட்டு போடப்பட்டது.

எண் மட்டும் போதுமா?

எந்தச் சத்தை எவ்வளவு குறைப்பது என்னும் வழக்கும் நெடுநாளையது. 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 811 பேர் வெவ்வேறு விகிதங்களில் அமைந்த நான்கு வகை உணவுகளை ஈராண்டு கைக்கொண்டனர். நான்கிலும் எடைக்குறைவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆகவே சோற்றைப் பகையாக்க வேண்டுவதில்லை. மொத்த அளவே முதன்மையானது.

எனினும், எண் சரியானால் எதையும் தின்னலாம் என்று கருதுவது பேதைமை. 2019-இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் 20 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஆலைகளில் மிகுதியாகப் பதப்படுத்திய உணவும் இயல்பான உணவும் இரண்டிரண்டு வாரம் பரிமாறப்பட்டன. முன்வைத்த கலோரியும் மூவகைச் சத்தும் இரண்டிலும் சமம். வேண்டிய மட்டும் உண்ணலாம் என்பதே விதி. பதப்படுத்திய உணவை உண்டபோது அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி மிகுதியாக உண்டு எடை கூடினர். பிஸ்கட்டைக் கொண்டு கணக்கை நிரப்புவோர் இதனைச் சிந்திப்பாராக. கீரையும் காயும் பழமும் தட்டில் பாதியை நிரப்பட்டும். இனிப்புக்கு எஞ்சும் இடம் சிறிதாகவே இருக்கட்டும்.

எவர் விலக வேண்டும்?

இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் மாவுச்சத்தைக் குறைத்தால், சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து உயிருக்கே இடர் நேரலாம். சிறுநீரக நோயுள்ளோர் தம் விருப்பப்படி புரதத்தைக் கூட்டலாகாது. கருவுற்றோர், பாலூட்டுவோர், வளரும் பிள்ளைகள் ஆகியோர்க்கு இம்முறை ஏற்றதன்று. உண்ணும் ஒவ்வொரு கவளத்திற்கும் நெஞ்சு பதைக்கும் இயல்பினர் கணக்கேட்டைத் தொடாதிருப்பதே நலம். அவர்களுக்குக் கணக்கே நோயாகிவிடும். ஏனையோரும் வாழ்நாள் முழுதும் தராசு சுமக்க வேண்டுவதில்லை. இரண்டு மூன்று மாதங்களில் கண்ணே தராசாகப் பழகிவிடும்.

அத்தாய் ஏழு மாதங்களில் 70-இலிருந்து 63 கிலோவுக்கு வந்தார். சர்க்கரையும் கட்டுக்குள் வந்ததென மருத்துவர் மகிழ்ந்தார். அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவன்று அவர் இல்லம் சென்றிருந்தோம். நமக்கு அதிரசம் வைத்தவர், தாமும் ஒன்றை எடுத்துக்கொண்டார். "இரவுச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்துக்கொள்வேன், சாமி" என்று சொல்லிக்கொண்டே உண்டார். முன்பு நாம் கண்ட கலக்கம் அவர் முகத்தில் இல்லை.

அன்பு வாசகர்களே, இன்றிரவே ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். மூன்று நாள்கள் எதையும் மாற்றாமல், வாயில் இட்டதனைத்தையும் உண்மையாக எழுதுங்கள். இல்லத்தில் எடை குறைக்க முயல்பவர் எவரேனும் இருப்பின், அவரைப் பழிக்காது அவரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணுங்கள்.