தகிட போட்டு நீந்து மக்கா!

காதுல பாட்டு, எதிர்ல தண்ணி, மனசுல டிரையத்லான்... மூணையும் முடிச்சுப் போட ஒரு கலக்கல் கைடு!

"நீச்சல் தெரியுமா?"னு சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி பக்கம் எந்தப் பையன்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. "என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க... பம்ப்செட் ரூம் மேல ஏறி கிணத்துக்குள்ள டைவ் அடிப்போம்ல"னு பதில் வரும். ரொம்பச் சரி. அடுத்த கேள்வி... "நிக்காம 750 மீட்டர் நீந்துவீங்களா?" இப்போ சத்தம் கொஞ்சம் இறங்கும்!

அதென்ன 750 கணக்கு? டிரையத்லான்னு ஒரு விளையாட்டு. முதல்ல நீச்சல், கரையேறின உடனே சைக்கிள், சைக்கிளைப் போட்டதும் ஓட்டம். நடுவுல கடிகாரம் நிக்கவே நிக்காது. ஈரத்தைத் துடைச்சு ஷூ மாட்டுற நேரமும் கணக்குல சேர்ந்துடும். புதுசா வர்றவங்களுக்கு 'ஸ்பிரின்ட்' தூரம்: 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். ஒலிம்பிக் தூரம்னா அதுல சரியா இரட்டிப்பு. 1.5 கி.மீ. நீந்தி, 40 கி.மீ. மிதிச்சு, 10 கி.மீ. ஓடணும். சிவகிரியில இருந்து தென்காசிப் பக்கமா அந்த 40 கி.மீ. சைக்கிள் மிதிக்கறதுன்னு வெச்சுக்கங்க. அதுக்கு முன்னால நீச்சல், பின்னால ஓட்டம். இப்ப புரியுதா மேட்டர்?

இந்த விளையாட்டு 1974-ல அமெரிக்காவோட சான்டியாகோ நகர்ல பொறந்தது. 1978-ல ஹவாய்த் தீவுகள்ல நடந்த முதல் 'அயர்ன்மேன்' போட்டியில கிளம்பினது வெறும் 15 பேர், முடிச்சது 12 பேர். 2000-ல சிட்னி ஒலிம்பிக்ல டிரையத்லான் உள்ளே நுழைஞ்சது. 2019-ல கோவாவில பாதி அயர்ன்மேன் போட்டியே நடந்துச்சு. அதாவது 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம்!

சைக்கிள் நமக்குத் தெரியும். ஓட்டமும் போலீஸ் செலக்‌ஷன், ஆர்மி செலக்‌ஷன் புண்ணியத்துல தெரியும். நிறையப் பேர் மாட்டிக்கிறது தண்ணியிலதான்!

கிணத்து நீச்சல் ஏன் பத்தாது?

கிணத்துல நாம நீந்துற ஸ்டைல் என்ன? தலையைத் தூக்கி வெச்சுக்கிட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, கையைப் படபடன்னு அடிச்சு எதிர்ப் படிக்கட்டைத் தொடுறது. அந்தச் சின்ன தூரத்துக்கு இது ஓகே. ஆனா தலை மேல போனா இடுப்பும் காலும் கீழ இறங்கும். தண்ணி, காத்தைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி. அதுக்குள்ள உடம்பைச் சாய்வா இழுத்துட்டுப் போனா 50 மீட்டர்லயே நாக்கு தள்ளிடும்.

நெசமான வில்லன் மூச்சு. நிறையப் பேர் தண்ணிக்குள்ள மூச்சை அடக்கி வெச்சிருந்து, தலையை வெளிய எடுத்த அந்த ஒரு நொடியில விடவும் செய்யறாங்க, இழுக்கவும் பார்க்கறாங்க. ரெண்டுமே அரைகுறை! முகம் உள்ளே இருக்கும்போதே மூக்கு, வாய் வழியா குமிழி குமிழியா மூச்சை விட்டுக்கிட்டே இருக்கணும். வெளிய வரும்போது இழுக்கற வேலை மட்டும்தான். இதைப் பழகிட்டா பாதி நீச்சல் பழகின மாதிரி.

அதே தண்ணி நமக்கு ஃப்ரெண்டும்தான். கழுத்தளவு தண்ணியில நின்னா உடம்பு எடையில பத்துல ஒரு பங்குதான் காலுக்கு இறங்கும். முட்டி வலிக்காரங்க, குண்டா இருக்கோம்னு ஓடக் கூச்சப்படறவங்க எல்லாருக்கும் இதைவிட நல்ல எக்சர்சைஸ் கிடைக்காது.

கொன்னக்கோல் கோச்!

சரி, மூச்சை எப்போ இழுக்கறது? இங்கேதான் நம்ம மியூசிக் என்ட்ரி. மிருதங்கம் கத்துக்கிற பசங்க சொல்ற சொல்கட்டு கேட்டிருப்பீங்க. அதுதான் உங்க கோச்.

த... கி... ட! வலது கை 'த', இடது கை 'கி', மறுபடி வலது கை 'ட'. அந்த 'ட'வுல வலப்பக்கம் முகத்தைத் திருப்பி மூச்சு. அடுத்த 'தகிட' இடது கையில ஆரம்பிக்கும், மூச்சு இடப்பக்கம் வரும். மூணு கைக்கு ஒரு மூச்சு. ரெண்டு பக்கமும் மாறி மாறி வர்றதால உடம்பு கோணாது, நேராப் போகும். கடல்லயோ ஏரியிலயோ ஒரு பக்கம் அலை அடிச்சா மறுபக்கம் மூச்சு எடுக்கவும் பழகியிருக்கும்.

மூச்சு வாங்குதா? 'த-க'ன்னு ரெண்டு கைக்கு ஒரு மூச்சா மாத்திக்குங்க. டிரையத்லான் வீரர்கள் நிறையப் பேர் போட்டியில இப்படித்தான் போறாங்க. காலை மட்டும் ஓவரா உதைக்காதீங்க. அந்தக் கால்தான் அப்புறம் சைக்கிளும் மிதிக்கணும், ஓடவும் செய்யணும்!

மூணு விளையாட்டுக்கும் மூணு தாளம் உண்டு. நீச்சல்ல ஆரம்பக்காரங்களுக்கு நிமிஷத்துக்கு 50, 60 கைவீச்சு போதும். சைக்கிள் பெடல் நிமிஷத்துக்கு 80, 90 சுத்து. ஓட்டத்துல 160-ல இருந்து 180 அடி. ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குத் தாளம் மாத்தத் தெரிஞ்சவங்கதான் டிரையத்லான்ல தாக்குப் பிடிக்கறாங்க.

பாட்டு உதவுமா, உதைக்குமா?

உதவும்! லண்டன் புரூனெல் பல்கலைக்கழகத்துல கோஸ்டாஸ் கராகியோர்கிஸ்னு ஒரு பேராசிரியர் பல வருஷமா இதையே ஆராய்ச்சி பண்றார். அசைவோட வேகமும் பாட்டோட வேகமும் ஒத்துப் போனா, மிதமான உழைப்புல களைப்பு கம்மியாத் தெரியுங்கறது அந்த ஆய்வுகள் சொல்ற சேதி. ஆனா உயிரைக் கொடுத்து ஓடற வேகத்துல பாட்டோட பலன் குறைஞ்சிடும். அப்போ உடம்பு போடற சத்தம்தான் பெருசாக் கேட்கும்.

எத்தியோப்பிய ஓட்டக்காரர் ஹெய்லி கெப்ரெசெலாசி 1998-ல பர்மிங்ஹாம்ல 2000 மீட்டர் உள்ளரங்க உலக சாதனை பண்ணினப்போ, ஸ்பீக்கர்ல 'ஸ்காட்மேன்' பாட்டு ஓடிக்கிட்டிருந்தது. அந்தத் தாளத்துக்குக் காலை வெச்சு ஓடினார் மனுஷன்.

அவ்வளவு தூரம் போவானேன்? சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்துல பொறந்த அண்ணாமலை ரெட்டியார், 19-ம் நூற்றாண்டுல கழுகுமலை முருகன் மேல காவடிச்சிந்து பாடினார். தோள்ல காவடியோட மைல் கணக்குல நடக்கறவங்களுக்கான மெட்டு அது. பாட்டு நடையைத் தூக்கும், நடை பாட்டைத் தூக்கும். ஐபாடுக்கு நூறு வருஷம் முந்தியே நம்ம சீமையில 'வொர்க்-அவுட் மியூசிக்' ரெடி!

தண்ணிக்குள்ள பாட்டுன்னா வழி இருக்கு. சாதாரண ப்ளூடூத் இயர்பட்ஸ் வேலைக்கு ஆகாது. அந்த ரேடியோ அலையைத் தண்ணி விழுங்கிடும். பாட்டை உள்ளேயே சேமிச்சு வெச்சிருக்கற வாட்டர்ப்ரூஃப் எம்பி3 பிளேயர்தான் வேணும். சிலது காதுக்குள்ள போகாமலே, கன்னத்து எலும்பு வழியா ஒலியைக் கடத்தும். விலை ஆயிரக்கணக்குல இருக்கும். அது இல்லைன்னு நீச்சலைத் தள்ளிப் போடாதீங்க.

இன்னொரு விஷயம்... டிரையத்லான் போட்டியில ஹெட்போனுக்குத் தடா! நீச்சல், சைக்கிள், ஓட்டம் எதுலயும் கிடையாது. நடுவர் கத்தறது, பின்னால வர்ற ஆள் கத்தறது காதுல விழணும். ரோட்டுல பயிற்சிக்கும் இதே ரூல்தான். மதுரை-கொல்லம் ரோட்டுல சைக்கிள்ல போறப்ப லாரி ஹாரன்தான் நீங்க கேட்க வேண்டிய பாட்டு!

அப்போ பாட்டு எதுக்கு? பயிற்சிக்கு. காதுல கேட்டுப் பழகின தாளம், காதுல எதுவும் இல்லாதப்பவும் உள்ளுக்குள்ள ஓடணும். அதுதான் டார்கெட்.

பேர்லயே குற்றாலம்!

அப்படி உள்ளுக்குள்ள ஓடின தாளத்துக்கு ஒரு ஆள் உதாரணம் வேணுமா? 1994. எம்பி3 பிளேயரே மார்க்கெட்டுக்கு வராத காலம். குற்றாலீஸ்வரன்னு 12 வயசுத் தமிழ்நாட்டுப் பையன், பாக் ஜலசந்தியை நீந்திக் கடந்தான். அதே வருஷம் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தான். ஒரே வருஷத்துல மொத்தம் ஆறு ஜலசந்தி! 1966-ல மிஹிர் சென் வெச்சிருந்த அஞ்சுங்கற சாதனை தகர்ந்தது. பின்னால அர்ஜுனா விருதும் வந்தது. மணிக்கணக்கா நடுக்கடல்ல அந்தப் பையனுக்குத் துணை, தன்னோட கைவீச்சும் மூச்சும்தான்.

பொண்ணுங்களும் ஒதுங்க வேண்டாம். கொல்கத்தாவோட ஆரத்தி சாஹா 1959-லயே ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண். கிணத்தடி பசங்க ஏரியாவாவே இருந்துட்டதால நம்ம ஊர்ப் பொண்ணுங்க நிறையப் பேர் நீச்சலே கத்துக்கலை. அதை உங்க செட்டுல இருந்து மாத்துங்க. குளத்துக்குப் போகும்போது பெண்களுக்குத் தனி நேரம், பெண் பயிற்சியாளர் இருக்காங்களான்னு முதல்ல விசாரிங்க.

எட்டு வாரம்... 750 மீட்டர்!

பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கம், மதுரை எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம் ரெண்டு இடத்துலயும் அரசு நீச்சல் குளம் இருக்கு. நேரம், கட்டணம் ரெண்டையும் கேட்டுட்டுக் கிளம்புங்க. தினமும் போக முடியாதுன்னா லீவு நாள்ல ஹாஸ்டல், சொந்தக்காரங்க வீடுன்னு தங்கிப் பழகலாம். ஏற்கெனவே 25 மீட்டர் நீந்தத் தெரிஞ்சவங்களுக்கான திட்டம் இது. வாரம் மூணு நாள்.

முதல் ரெண்டு வாரம்: 25 மீட்டர் எட்டுத் தடவை. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அரை நிமிஷம் ரெஸ்ட். தூரம் முக்கியமில்ல, தகிட தப்பக் கூடாது.

3, 4-வது வாரம்: 50 மீட்டர் எட்டுத் தடவை.

5, 6-வது வாரம்: 100 மீட்டர் ஆறு தடவை.

7-வது வாரம்: 200 மீட்டர் மூணு தடவை. 8-வது வாரம் நிதானமா, நிக்காம 750. அதாவது 25 மீட்டர் குளத்துல 30 நீளம்.

கூடவே வாரம் ஒரு நாள் 'பிரிக்' பயிற்சி. 10 கி.மீ. சைக்கிள் மிதிச்சிட்டு, இறங்கின கையோட 1 கி.மீ. ஓடுங்க. கால் ரெண்டும் செங்கல்லாக் கனக்கும். பயப்படாதீங்க, எல்லாருக்கும் அப்படித்தான். கியர் சைக்கிள்தான் வேணும்னு இல்ல, வீட்டுல இருக்கற சைக்கிளே போதும். ஹெல்மெட் மட்டும் கட்டாயம்.

இதைப் படிக்காம கிளம்பாதீங்க

2021-ல மட்டும் உலகம் முழுக்க ஏறக்குறைய 3 லட்சம் பேர் தண்ணியில மூழ்கிச் செத்திருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இங்கேயும் ஒவ்வொரு கோடை லீவுலயும் கிணறு, குளம், கல்குவாரின்னு பேப்பர்ல செய்தி வந்துக்கிட்டேதான் இருக்கு.

குற்றாலம் குளிக்கற இடம், நீந்தற இடமில்ல. 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல திடீர்னு வந்த வெள்ளம் 17 வயசுப் பையனை அடிச்சுட்டுப் போயிடுச்சு. கீழ வெயில் அடிச்சாலும் மேல மலையில மழை பெய்யலாம். போலீஸ் தடை போட்டா மறுபேச்சு இல்லாம திரும்பிடுங்க.

"யார் ரொம்ப நேரம் முங்கி இருக்கா பார்ப்போம்"னு பந்தயம் வேண்டவே வேண்டாம். வேகவேகமா மூச்சு இழுத்துட்டு முங்கினா, மூச்சு முட்டுற உணர்வு வர்றதுக்கு முன்னாடியே மயக்கம் வந்துடும். நல்லா நீந்தறவங்களே இதுல போயிருக்காங்க.

ஒருத்தர் முழுகினா கூடவே குதிக்காதீங்க. பதற்றத்துல அவங்க உங்களையும் சேர்த்து அழுத்திடுவாங்க. கயிறு, கம்பு, வேட்டி, துப்பட்டா, காத்தடிச்ச டியூப்... கரையில நின்னு எதையாவது நீட்டுங்க, வீசுங்க, சத்தம் போட்டு ஆள் கூப்பிடுங்க.

தனியா நீந்தாதீங்க. காதுல பாட்டுன்னா கண்டிப்பா தனியா நீந்தாதீங்க. பயிற்சியாளர் பார்வையில இருக்கற குளத்துல மட்டும்தான் அது.

சாதனைக்காரங்களுக்கே தண்ணி சலுகை கொடுத்ததில்ல. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன், 1971-ல பாக் ஜலசந்தியைப் போகவர 51 மணி நேரத்துல நீந்தினவர். 1984-ல ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயற்சி பண்றப்போ உயிரிழந்தார். அவ்வளவு பெரிய நீச்சல்காரருக்கே அந்த நிலைமைன்னா, நாம எவ்வளவு உஷாரா இருக்கணும்!

பயம் வேண்டாம், மரியாதை போதும். இந்த வாரமே உங்க செட்டுல யார் யாருக்கு நீச்சல் தெரியும், யாருக்குத் தெரியாதுன்னு ஒரு லிஸ்ட் போடுங்க. தெரியாதவங்களை முதல்ல குளத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. டிரையத்லான் அப்புறம் தானா வரும்.

என்ன மக்கா... ரெடியா? த... கி... ட!