புள்ளிப்பட்டியலும் பூவா தலையாவும்

ஐபிஎல் லீக் சுற்று பாதியைத் தாண்டியதும் தமிழ்நாட்டில் எல்லோரும் கணக்கு ஆசிரியர்களாகிவிடுகிறார்கள். 'மீதமுள்ள ஆறில் ஐந்தை வென்றால் போதும்; டெல்லி இரண்டில் தோற்க வேண்டும்; நிகர ரன் விகிதம் உயர வேண்டும்' என்ற பேச்சை மணிமங்கலம் தேநீர்க் கடைகளிலும், ஒரகடத்துக்கு ஷிப்ட் மாறும் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்துகளிலும் கேட்கலாம். கல்லூரியில் புள்ளியியல் தாளை நான் நடத்திய காலத்தில் கடைசி இருக்கை மாணவர்களிடம் எவ்வளவு முயன்றும் வரவழைக்க முடியாத ஆர்வம் இது. ஆகவே அந்தக் கணக்கைக் கொஞ்சம் ஒழுங்காகவே போட்டுப் பார்ப்போம்.

2022 முதல் பத்து அணிகள். ஒவ்வோர் அணிக்கும் 14 போட்டிகள்; மொத்தம் 70. ஒரு போட்டிக்கு 2 புள்ளிகள். மழையால் கைவிடப்பட்டால் ஆளுக்கு ஒன்று. எப்படிப் பார்த்தாலும் 140 புள்ளிகள்தான் பங்கிடப்படுகின்றன. அணி ஒன்றுக்குச் சராசரி 14. முதல் நான்கு இடங்களுக்குத்தான் பிளே-ஆஃப். 16 புள்ளிகள் எடுத்த அணி பெரும்பாலும் நிம்மதியாக இருக்கலாம். 14 எடுத்த அணி பிறரின் தோல்விக்காகக் காத்திருக்க வேண்டும்.

2024இல் நான்கு அணிகள் சரியாக 14 புள்ளிகளில் நின்றன: பெங்களூரு, சென்னை, டெல்லி, லக்னோ. உள்ளே போனது பெங்களூரு மட்டும். முதல் எட்டுப் போட்டிகளில் ஏழில் தோற்றிருந்த அணி அது. அவ்வாண்டு மே 18 அன்று பெங்களூரு 218 ரன்கள் எடுத்தது. சென்னை வெல்லக்கூடத் தேவையில்லை, 201 எடுத்தாலே நிகர ரன் விகிதத்தில் தப்பித்திருக்கும். கடைசி ஓவரில் 17 ரன்கள் வேண்டும். முதல் பந்தில் தோனி சிக்ஸர் அடித்தார். அடுத்த பந்தில் ஆட்டமிழந்தார். எஞ்சிய நான்கு பந்துகளில் ஒரே ஒரு ரன். 191இல் முடிந்தது. மறுநாள் முழுவதும் அணி நிர்வாகத்தின் தவறுகள் குறித்து நாடே விவாதித்தது. அந்தப் பத்து ரன்கள் வந்திருந்தால் அதே நிர்வாகத்தின் நிதானத்தைப் புகழ்ந்திருப்போம்.

இங்கே ஒரு சோதனை. எல்லாப் போட்டிகளையும் நாணயம் சுண்டித் தீர்மானிப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போதும் எல்லா அணிகளும் 14 புள்ளிகளில் நிற்காது. சில அணிகளுக்குப் பூ அதிகம் விழும், சிலவற்றுக்குத் தலை. இந்தச் சிதறலை அளக்கும் கருவிக்குத் திட்ட விலக்கம் என்று பெயர். சுத்தமான நாணய ஆட்டத்தில் அது 3.74 புள்ளிகளாக இருக்கும். இனி உண்மையான பட்டியல். 2025இல் பஞ்சாபும் பெங்களூருவும் 19, குஜராத் 18, மும்பை 16, டெல்லி 15, ஹைதராபாத் 13, லக்னோவும் கொல்கத்தாவும் 12, ராஜஸ்தானும் சென்னையும் 8. இதன் திட்ட விலக்கம் 3.90. 2024ஆம் ஆண்டுப் பட்டியலுக்கோ 3.32, நாணயத்தைவிடக் குறைவு!

ஆட்டக்காரர்கள் நாணயம் போல ஆடுகிறார்கள் என்று இதற்குப் பொருளல்ல. அணிகளின் பலம் ஏறத்தாழ சமமாக இருப்பதால், ஒரு பருவத்துக்குள் எது திறமை, எது தற்செயல் என்று பட்டியலைப் பார்த்து மட்டும் பிரித்தறிய முடியாது என்றே பொருள். இந்தச் சமநிலை தானாக வந்ததல்ல. எல்லா அணிகளும் ஒரே தொகையைக் கொண்டே ஏலத்தில் அமர வேண்டும். 2025 பருவத்துக்கு அது 120 கோடி ரூபாய். விளையாட்டுச் சந்தையில் ஒரே அணி எல்லாவற்றையும் வென்றுகொண்டிருந்தால் அந்த அணிக்கே நட்டம், முடிவு தெரியாததுதான் விற்பனைச் சரக்கு. பேஸ்பால் ஆட்டக்காரர்களின் கூலிச் சந்தை பற்றி 1956இல் சைமன் ராட்டன்பர்க் எழுதிய கட்டுரை தொடக்கிவைத்த சிந்தனை இது. முடிவைக் கணிக்க முடியாதபடி திட்டமிட்டே உருவாக்கப்பட்ட ஒரு போட்டியின் முடிவைக் கணித்துச் சொல்ல நாம் ஆள் தேடுகிறோம்.

அப்படியானால் நிர்வாகம் என்பதே வெறும் பேச்சா? இல்லை. 2008 முதல் 2015 வரை எட்டுப் பருவங்களிலும் சென்னை முதல் நான்கு இடங்களுக்குள் வந்தது. ஒவ்வொரு முறையும் வாய்ப்பு பாதி என்று கொண்டால், எட்டு முறையும் தொடர்ந்து வருவதற்கான நிகழ்தகவு 256இல் 1. எட்டு அணிகளில் ஏதோ ஒன்றுக்கு இது தற்செயலாக வாய்க்கலாம் என்று ஒருவர் வாதிட்டாலும் 32இல் ஒன்றுதான். இதில் அதிர்ஷ்டமும் உண்டு. 2010இல் நான்கு அணிகள் 14 புள்ளிகளில் நின்றபோது நிகர ரன் விகிதத்தில் முந்திச் சென்று கோப்பையையும் வென்றார்கள். 2012இல் பெங்களூருவும் சென்னையும் 17இல் நின்றபோதும் அதே கதை. இருந்தும் எட்டாண்டுத் தொடர்ச்சியை அதிர்ஷ்டம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. 2009 முதல் ஒரே பயிற்சியாளர், ஆட்டக்காரர் ஓரிரு போட்டிகளில் சொதப்பினாலும் நீக்காத பொறுமை ஆகியவற்றுக்கு இதில் பங்கிருக்கிறது என்பது என் கருத்து. நிர்வாகத்தை எடைபோட ஒரு பருவம் போதாது என்பதுதான் விஷயம்.

நாமோ வாரத்துக்கு ஒருமுறை எடைபோடுகிறோம். 2018இல் முப்பது வயது கடந்தவர்கள் நிறைந்த சென்னை அணியை 'அப்பாக்களின் படை' என்று கேலி செய்தார்கள். கோப்பை வந்ததும் அதற்கு 'அனுபவம்' என்று பெயர் மாறியது. 2025இல் பத்தாம் இடம் கிடைத்ததும் அதே அனுபவம் 'முதுமை' ஆயிற்று. விளைவைப் பார்த்த பிறகு காரணத்தைத் தேர்ந்தெடுப்பவருக்குத் தோல்வியே கிடையாது.

ஏலத்துக்கும் ஒரு சொல். ஒரு பொருளின் உண்மை மதிப்பு எவருக்கும் தெரியாதபோது, அதை மிக அதிகமாக மதிப்பிட்டவர் கையில்தான் அது போய்ச் சேரும். எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்த மூன்று பொறியாளர்கள் 1971இல் விளக்கிய இதை 'வென்றவரின் சாபம்' என்கிறோம். 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் 27 கோடிக்கு ரிஷப் பந்த்தை எடுத்த லக்னோ ஏழாம் இடத்தில் முடித்தது. இந்த ஒன்று சாபத்தை நிரூபிக்காது, 26.75 கோடிக்கு ஷ்ரேயஸ் ஐயரை எடுத்த பஞ்சாப் இறுதிப் போட்டிக்கே போனது.

'பிளே-ஆஃப் வாய்ப்பு 43 சதவீதம்' என்று வரும் எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்துப் போட்டிகள் மீதமிருந்தால் முடிவுகள் 1,024 விதமாக அமையலாம். அவற்றுள் எத்தனையில் ஓர் அணி உள்ளே வருகிறது என்று எண்ணி, நூற்றுக்கு மாற்றினால் ஒரு சதவீதம் கிடைக்கும். எல்லாப் போட்டியும் நாணயம் என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. எண்ணிக்கை சரி, ஆனால் அது முன்னறிவு அல்ல. மணிமங்கலத்துக்காரன் என்பதால் இன்னொன்றும் தோன்றுகிறது. முதலாம் நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்றாக இவ்வூரைக் கூரம் செப்பேடு சொல்கிறது. ஹர்ஷரையே தடுத்து நிறுத்தியவர் புலிகேசி. போருக்கு முந்தைய நாள் யாரேனும் சதவீதம் வெளியிட்டிருந்தால் பல்லவருக்கு எவ்வளவு கொடுத்திருப்பார்களோ!

இதெல்லாம் பொழுதுபோக்குக்காக என்றால் நான் எழுத வந்திருக்கவே மாட்டேன். எங்கள் தெருவில் வாடகைக்கு அறை எடுத்து, நான்கு பேராகத் தங்கியிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுள் ஓர் இளைஞர் ஒருநாள் தன் கைப்பேசியை நீட்டினார். டெலிகிராம் குழு ஒன்று அவருக்குத் தொடர்ந்து ஏழு போட்டிகளின் முடிவைச் சரியாகச் சொல்லியிருந்தது. எட்டாவதற்குப் பணம் கேட்டார்கள். ஓவர்டைம் பணத்தையும், நண்பரிடம் வாங்கிய கடனையும் சேர்த்துக் கட்டியிருந்தார். "ஏழும் சரியா வந்துச்சே சார், அது எப்படி?" என்பதுதான் அவர் கேள்வி.

அது இப்படித்தான். 6,400 பேரைத் திரட்டுங்கள். பாதிப் பேருக்குச் சென்னை வெல்லும் என்றும், மறுபாதிக்கு எதிரணி வெல்லும் என்றும் அனுப்புங்கள். தவறான செய்தி போன 3,200 பேரை விட்டுவிடுங்கள். எஞ்சியவர்களை அடுத்த போட்டிக்கு மீண்டும் பாதியாகப் பிரியுங்கள். ஏழாவது போட்டி முடியும்போது 50 பேர் இருப்பார்கள். அந்த ஐம்பது பேரின் கண்ணுக்கு நீங்கள் தீர்க்கதரிசி. மற்ற 6,350 பேரையும் அவர்கள் ஒருபோதும் சந்திக்கப் போவதில்லை. கிரிக்கெட் பற்றி உங்களுக்கு எதுவுமே தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்த வழியில்தான் அந்தக் குழு நடந்ததா என்பதற்கு என்னிடம் சான்றில்லை. ஏழு சரியான கணிப்புகளுக்கு ஞானம் தேவையில்லை என்பதை மட்டுமே அவருக்குக் காட்ட முடிந்தது. முந்தைய கணிப்புகள் அனைத்தையும், எல்லோருக்கும் அனுப்பியவற்றையும் சேர்த்து, காட்டச் சொல்லுங்கள் என்றேன். கேட்டதும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் எல்லா ஆட்டங்களையும் தடைசெய்தது. இந்திய அணியின் சட்டையிலிருந்து டிரீம்11 பெயர் நீங்கி, ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் அப்போலோ டயர்ஸின் பெயர் வந்தது அதன் தொடர்விளைவு. பெயர் பலகையுள்ள நிறுவனங்கள் ஒதுங்கிவிட்டன. பெயரில்லாத குழுக்களுக்கு இந்தத் தடையால் வாடிக்கையாளர் கூடியிருக்கிறார்களோ என்பது என் ஐயம். மத்தியச் சட்டம் ஆட்டத்தை நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி வரை அபராதமும் விதிக்கிறது, விளையாடியவரைத் தண்டிப்பதில்லை. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டமோ இணையச் சூதாடியவருக்கும் மூன்று மாதம் வரை சிறை என்கிறது. பணத்தை இழந்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கத் தயங்குவதற்கு அந்த ஒரு பிரிவு போதும். ஏமாந்தவரைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து நீக்கும் திருத்தத்தைச் சட்டப்பேரவை அடுத்த ஐபிஎல் பருவத்துக்குள் கொண்டுவர வேண்டும்.